மானியத்தை எந்த வரியில் எழுதுவது?



"எஸ்.சி., எஸ்.டி.க்கு வருமான வரியே கிடையாதாமே?" என்று நம்மைச் சீண்டுகிறவர்கள் உண்டு. நம் ஆட்களிலேயே அதை நம்புகிறவர்களும் உண்டு. உண்மையில் அப்படி ஒரு சலுகை பட்டியல் சாதியினருக்கு இந்தியாவில் எங்கும் இல்லை. வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 10(26) தருகிற விலக்கு வடகிழக்கு மாநிலங்கள், லடாக் போன்ற குறிப்பிட்ட பகுதிகளில் வாழும் பழங்குடியினருக்கு மட்டுமே. பிரிவு 10(26பி) தருகிற விலக்கு நம் முன்னேற்றத்துக்காக அரசு உருவாக்கிய கழகங்களின் வருமானத்துக்கு. கழகத்துக்கு விலக்கு உண்டு, கழகத்தில் கடன் வாங்கித் தொழில் செய்கிறவருக்கு இல்லை. பரமக்குடியில் கடை வைத்திருக்கும் எஸ்.சி. வணிகருக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் வரி விகிதம் ஒன்றுதான்.

நமக்கென்று தனியாகக் கிடைப்பது மாநில அரசின் தொழில் மானியம். மாநிலம் தருகிற அந்த மானியத்தை ஒன்றிய அரசுக்குக் கொடுக்கும் வருமான வரி ரிட்டர்னில் எப்படிக் காட்டுவது என்று நமக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. தவறாகக் காட்டினால் கையில் வந்த மானியத்தின் ஒரு பகுதி வரியாகத் திரும்பிப் போகும். அல்லது பிள்ளையின் கல்வி உதவித்தொகை போகும். அல்லது சில ஆண்டுகள் கழித்து நோட்டீஸ் வரும். இதை ஆடிட்டர் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. இது நம் அரசியலின் வேலை என்பதே நம் வாதம்.

முதலில் மானியம் எது என்று பார்ப்போம். தமிழ்நாடு அரசு 2023-24 நிதிநிலை அறிக்கையில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை அறிவித்தது. முழுக்க எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கானது. திட்ட மதிப்பில் 35% மானியம், உச்ச வரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். மீதி 65% வங்கிக் கடன். அந்தக் கடனுக்கு 6% வட்டி மானியமும் உண்டு. சொந்தப் பணம் போட வேண்டியதில்லை என்பதுதான் இதன் முக்கியமான அம்சம். அடமானம் வைக்கத் தாத்தன் சொத்து இல்லாத நமக்கு அது சாதாரண விஷயமல்ல. மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தவிர நீட்ஸ், படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்புத் திட்டம், ஒன்றிய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் ஆகியவையும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மானியம் உண்டு. ஆகவே எல்லாவற்றிலும் இந்தக் கேள்வியும் உண்டு.

இந்தக் கேள்விக்குச் சட்டம் என்ன பதில் சொல்கிறது? 2015 நிதிச் சட்டத்துக்குப் பிறகு, ஒன்றிய, மாநில அரசுகள் தரும் மானியம், உதவித்தொகை, ஊக்கத்தொகை, சலுகை எல்லாமே 'வருமானம்' என்ற சொல்லுக்குள் வந்துவிட்டன. பிரிவு 2(24)ன் பதினெட்டாவது உட்பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் அதே உட்பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒரு சொத்தை வாங்குவதற்காக வந்த மானியத்தை, பிரிவு 43(1)ன் விளக்கம் 10ன்படி அந்தச் சொத்தின் விலையிலிருந்து கழித்துவிட்டால் அது வருமானம் ஆகாது.

எளிமையாகச் சொன்னால், இயந்திரம் வாங்க வந்த மானியத்தை வருமானத்தில் சேர்க்கக் கூடாது, இயந்திரத்தின் விலையில் குறைக்க வேண்டும். ஒரே பணம்தான். ரிட்டர்னில் அது எந்த வரியில் போய் உட்காருகிறது என்பதில்தான் வரி இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டும் கற்பனைக் கணக்குகள்தான், ஆனால் விகிதங்கள் உண்மையானவை.

முதல் கணக்கு. மண்டபம் பக்கம் ஒரு குடும்பம் கருவாடு பதப்படுத்தும் சிறு தொழில் தொடங்குகிறது. வாடகை இடம். 5 லட்சம் ரூபாய்க்கு இயந்திரங்கள். மானியம் 1,75,000, கடன் 3,25,000. எல்லாச் செலவும் போக, தேய்மானம் கழிப்பதற்கு முன், அந்த ஆண்டு லாபம் 2 லட்சம். இயந்திரத்துக்குத் தேய்மானம் 15%.

சரியான வழி: இயந்திரத்தின் விலை 3,25,000 என்று எழுத வேண்டும். தேய்மானம் 48,750. வருமானம் 1,51,250.

தவறான வழி: மானியத்தை 'இதர வருமானம்' என்று எழுதிவிடுகிறோம். 2,00,000 கூட்டல் 1,75,000 என்று 3,75,000 ஆகிறது. 5 லட்சத்துக்கான தேய்மானம் 75,000 கழித்தால் வருமானம் 3,00,000.

இரண்டிலும் வரி இல்லை. அதனால்தான் ரிட்டர்ன் போடுகிறவர் கவலைப்படுவதில்லை. ஆனால் அந்த வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி இருந்தால்? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். சரியாக எழுதினால் வரம்புக்கு ஒரு லட்சம் கீழே இருக்கும் குடும்பம், தவறாக எழுதினால் 50,000 மேலே போய்விடுகிறது. தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்றுக்காக நிற்கும்போது குடும்பத்தின் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த ரிட்டர்ன்தான் என்றால் என்ன சொல்லி வாதாடுவது? ஒரு ரூபாய்கூட வரி வராத இடத்தில் ஒரு பெண்ணின் படிப்பு ஆட்டம் காண்கிறது.

இரண்டாவது கணக்கு கொஞ்சம் பெரியது. நண்டு, இறால் பதப்படுத்தும் கூடம். 50 லட்சம் ரூபாய்க்கு இயந்திரங்கள், செப்டம்பருக்குள் ஓடத் தொடங்கிவிட்டன. மானியம் 17,50,000. தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 10 லட்சம். 2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை.

சரியான வழி: விலை 32,50,000. தேய்மானம் 4,87,500. வருமானம் 5,12,500. பிரிவு 87ஏ தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யம்.

தவறான வழி: 10,00,000 கூட்டல் 17,50,000, அதில் தேய்மானம் 7,50,000 கழித்தால் வருமானம் 20,00,000. வரி 2 லட்சம், அதன்மேல் 4% செஸ், ஆக 2,08,000 ரூபாய்.

மாநிலம் கொடுத்த மானியத்தில் 2,08,000 ரூபாய் தில்லிக்குப் போகிறது. யாரும் பறிக்கவில்லை, லஞ்சம் கேட்கவில்லை. ஒரு தொகை தவறான கட்டத்தில் விழுந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒரு வழியும் நடைமுறையில் இருக்கிறது. மானியத்தை எங்கேயும் காட்டாமல், தேய்மானத்தை மட்டும் முழு 50 லட்சத்துக்கும் எடுத்துக்கொள்வது. அப்போது வருமானம் 2,50,000 என்று வரும், வரி பூஜ்யம். சரியான வழியிலும் வரி பூஜ்யம்தான். ஆக அந்த ஆண்டில் இந்த மறைப்பால் ஒரு பைசா மிச்சமில்லை. ஆனால் மானியம் வங்கிக் கணக்கு வழியாக வந்தது, அரசு ஆணை இருக்கிறது. பின்னாளில் கேள்வி வந்தால், குறைத்துக் காட்டிய வருமானத்தின் வரியோடு அதில் 50% அபராதம், வேண்டுமென்றே மாற்றிக் காட்டியதாகக் கருதினால் 200%. சாதியால் சந்தேகப்படுவதற்கென்றே காத்திருக்கும் சமூகத்தில், கணக்கில் சந்தேகத்துக்கு நாமே இடம் தரக் கூடாது.

வட்டி மானியம் வேறு ரகம். அது இயந்திரத்துக்கு வந்த பணமல்ல, ஆண்டுச் செலவுக்கு வந்த பணம். 32,50,000 கடனுக்கு 10% வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 3,25,000. அதில் 6% கணக்கில் 1,95,000 அரசு தருகிறது என்றால், நாம் செலவாகக் காட்ட வேண்டியது மீதி 1,30,000 மட்டும். முழு வட்டியையும் செலவாகக் காட்டிவிட்டு மானியத்தை விட்டுவிட்டால் அது தவறு.

இன்னும் மூன்று நுணுக்கங்கள் சொல்ல வேண்டும். கட்டடமும் இயந்திரமும் சேர்ந்த திட்டம் என்றால், மானியத்தை அந்தந்தச் சொத்தின் மதிப்புக்கு ஏற்ற விகிதத்தில் பிரித்துக் கழிக்க வேண்டும். தேய்மான விகிதம் சொத்துக்குச் சொத்து மாறும்: கட்டடத்துக்கு 10%, இயந்திரத்துக்கு 15%, மரத்தாலான மீன்பிடிப் படகுக்கு 20%, வாடகைக்கு ஓடும் வேனுக்கு 30%. பிரிவு 44ஏடியின் கீழ் விற்பனையில் 8% அல்லது 6% லாபம் என்று காட்டி ஐ.டி.ஆர்.-4 போடுகிற சிறு வணிகர்கள் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. அவர்கள் இயந்திரத்துக்கு வந்த மானியத்தை விற்பனைத் தொகையோடு சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961 சட்டத்தின்படி. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் எண்கள் மாறும்.

இனி அரசியலுக்கு வருவோம். இந்த விதி வானத்திலிருந்து விழவில்லை. பின்தங்கிய பகுதியில் தொழில் தொடங்கத் தரப்பட்ட அரசு மானியத்தைச் சொத்தின் விலையிலிருந்து கழிக்கத் தேவையில்லை என்று 1994ல் உச்ச நீதிமன்றம் பி.ஜே. கெமிக்கல்ஸ் வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்க 1998ல் நாடாளுமன்றம் விளக்கம் 10ஐச் சேர்த்தது. மானியம் எதற்காகத் தரப்பட்டது என்ற நோக்கத்தைப் பார்த்துத்தான் அது வருமானமா, மூலதனமா என்று முடிவு செய்ய வேண்டும் என்று 2008ல் தமிழ்நாட்டுப் பொன்னி சுகர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015ல் நாடாளுமன்றம் நோக்கம் பார்க்கிற வேலையையே எடுத்துவிட்டது. நீதிமன்றம் வரை போய் வாதாடியவை ஆலைகள். அவற்றுக்கு வழக்கறிஞர் வைக்கும் வசதி இருந்தது. முடிவில் வந்த சட்டம் மட்டும் ஆலைக்கும் கருவாட்டுக் கூடத்துக்கும் ஒன்றாக வந்தது.

'பின்தங்கிய' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது நம் மாவட்டத்துக்கு நிரந்தர அடைமொழி. 2018ல் ஒன்றிய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும் அதில் இருந்தன. அதற்கு முன்பு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு 80எச்எச் இருந்தது. பின்தங்கிய பகுதியில் தொழில் தொடங்கினால் பத்து ஆண்டுகளுக்கு லாபத்தில் 20% கழிவு. அன்றைய ராமநாதபுரம் மாவட்டமும் பின்தங்கிய பட்டியலில் இருந்தது. 1985ல் பிரியும் வரை சிவகாசி, விருதுநகர், ராஜபாளையம் எல்லாம் அதே மாவட்டம்தான். முதுகுளத்தூர் வறட்சியும் ராஜபாளையம் ஆலையும் ஒரே பட்டியலில் ஒரே பெயரில் இருந்தன. லாபத்தில் கழிவு என்றால் லாபம் இருக்கிறவருக்குத்தான் கழிவு. முதல் இல்லாதவருக்கு அந்தப் பிரிவு வெறும் எண்.

இன்றைக்கும் அந்தப் போக்கு மாறவில்லை. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் பூங்கா 2016ல் திறக்கப்பட்டது. 2017 மார்ச் வரை சூரிய மின் கருவிகளுக்குச் சட்டம் 80% தேய்மானம் அனுமதித்தது. அதே தேதிக்குள் உற்பத்தி தொடங்கும் மின் நிறுவனங்களுக்குப் பிரிவு 80ஐஏவின் கீழ் பத்து ஆண்டு லாபத்துக்கு முழுக் கழிவும் கிடைக்கும் வழி இருந்தது. பிரிவு 80ஜேஜேஏஏவைப் பாருங்கள். புதிதாக ஆள் சேர்க்கும் தொழிலுக்குக் கூடுதல் சம்பளச் செலவில் 30% மூன்று ஆண்டுகளுக்குக் கழிவு. கேட்க இனிக்கிறது. ஆனால் கணக்குத் தணிக்கை வரம்புக்குள் வரும் தொழிலாக இருக்க வேண்டும், வேலையாளுக்கு வருங்கால வைப்பு நிதி இருக்க வேண்டும். ஐந்து பெண்களை வைத்து நண்டு உரிக்கும் கூடத்துக்கு இந்தக் கதவு திறக்காது.

இன்னொன்று. விவசாய வருமானத்துக்கு ஒன்றிய அரசின் வருமான வரி இல்லை. அரசமைப்புச் சட்டமே அதை மாநிலத்தின் கையில் விட்டிருக்கிறது. நம் மாவட்டத்துக் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதை விளைவிக்கும் நிலக்காரரின் வருமானம், எத்தனை லட்சமானாலும், விவசாய வருமானம். ஆனால் கடலில் மீன் பிடிப்பது விவசாயமல்ல. உப்பளத்து உப்பு விவசாயமல்ல. தானாய் முளைத்த சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது விவசாயமல்ல. நிலம் உள்ளவரின் உழைப்புக்குச் சட்டத்தில் விலக்கு, நிலம் மறுக்கப்பட்டவரின் உழைப்புக்கு விலக்கு இல்லை. இது சாதியை மனதில் வைத்து எழுதிய விதி அல்ல. ஆனால் நிலம் எந்தச் சாதியின் கையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு இந்த விதியைப் படித்தால், சாதி அதில் தானாக வந்து நிற்கும்.

லாபக் கழிவும் நேரடி மானியமும் எங்கே வேறுபடுகின்றன என்பது இப்போது தெரியும். கழிவு ஏற்கெனவே லாபம் ஈட்டுகிறவரை மேலும் தூக்கிவிடுகிறது. மானியம் கையில் ஒன்றுமில்லாதவரைத் தொடங்க வைக்கிறது. அமெரிக்காவில் மாநிலங்கள் தொழில்களுக்கு வரி வரவு என்ற பெயரில் சலுகை தருகின்றன. அங்கேயும் இதே விவாதம்தான்: கட்ட வேண்டிய வரியில் மட்டும் கழித்துக்கொள்ளும் வரவு பெரிய கம்பெனிக்கு உதவும். வரி இல்லாவிட்டாலும் பணமாகத் திரும்ப வருகிற வரவுதான் சிறியவருக்கு உதவும். நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. தமிழ்நாட்டின் 35% மானியம் அந்த வகை. அதனால்தான் அது ரிட்டர்னில் கரைந்து போகக் கூடாது என்கிறோம்.

நமக்குச் சேர வேண்டியது ரிட்டர்ன் போடாததாலேயே போய்விடுவதும் உண்டு. மானியத்தில் ஒரு வேன் வாங்கி ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்ரீகர்களை ஏற்றுகிறவருக்கு, ஒரு பயண நிறுவனம் ஆண்டுக்கு 5 லட்சம் தருகிறது என்று வைப்போம். ஒப்பந்தப் பணத்தில் 1% டி.டி.எஸ்., அதாவது 5,000 ரூபாய் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டாலோ, பானை ஆதாரோடு இணைக்காமல் அது செயலிழந்திருந்தாலோ 20% பிடிக்க வேண்டும் என்பது விதி. அப்போது 1,00,000 ரூபாய். வரி வரம்புக்குள்ளேயே வராதவரின் பணம் அது. 26ஏஎஸ் படிவத்தில் அவர் பெயரில் பதிவான தொகை ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும், போடாவிட்டால் வராது. கெடு தாண்டிய பின் போடும் 'புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன்' வழியாக ரீஃபண்ட் கேட்கவும் முடியாது. மீன் ஏற்றும் சரக்கு வண்டி என்றால், பத்து வண்டிகளுக்கு மேல் இல்லாதவர் பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் டி.டி.எஸ். பிடிக்கவே கூடாது. இதையும் நம் வண்டிக்காரர்களிடம் சொல்லுங்கள். முதல் ஆண்டு நட்டம் வந்தால் அதை அடுத்த எட்டு ஆண்டுகளுக்குக் கொண்டுபோய்க் கழிக்கலாம். அதற்கும் கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும்.

"ரிட்டர்ன் போட்டால் சலுகை போய்விடும்" என்ற பயம் நம் ஊர்களில் இருக்கிறது. உதவித்தொகைக்கு வருமான வரம்பு இருப்பதால் அந்தப் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் சாதிச் சான்றுக்கும் ரிட்டர்னுக்கும் தொடர்பில்லை. எஸ்.சி. இட ஒதுக்கீட்டுக்கு இன்று வருமான வரம்பு கிடையாது. ரிட்டர்ன் இல்லாதவருக்கு அடுத்த கடன் கேட்கும்போது வங்கியில் காட்ட எதுவும் இல்லை. "உங்கள் தொழிலுக்கு ஆதாரம் என்ன?" என்று மேலாளர் கேட்கும் கேள்விக்கு நம் பதில் மூன்று ஆண்டு ரிட்டர்னாக இருக்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று. மானிய ஆணையோடு மாவட்டத் தொழில் மையம் தமிழில் ஒரு பக்கத் தாள் தர வேண்டும். எந்தச் சொத்துக்கு எவ்வளவு மானியம், ரிட்டர்னில் அதை எப்படிக் காட்டுவது என்று அதில் இருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ நிதியோ வேண்டாம்.

இரண்டு. மானியம் பெற்ற தொழிலுக்கு முதல் மூன்று ஆண்டுகளின் கணக்கு எழுதும் செலவையும் திட்டச் செலவில் சேர்க்க வேண்டும். இயந்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கணக்குக்கு ஆள் இல்லாமல் விடுவது படகைக் கொடுத்துவிட்டுத் துடுப்பைப் பிடுங்குவது மாதிரி.

மூன்று. அரசு தந்த தொழில் மானியத்தை, அது ரிட்டர்னில் எப்படிப் பதிவாகியிருந்தாலும், கல்வி உதவித்தொகைக்கான பெற்றோர் வருமானத்தில் சேர்க்கக் கூடாது என்று தெளிவான ஆணை வேண்டும்.

நான்கு, ஒன்றிய அரசிடம். விலையிலிருந்து கழித்துக் காட்டினாலும் நம் கணக்கில் ஒரு இழப்பு இருக்கிறது. 50 லட்சத்துக்குக் கிடைக்க வேண்டிய தேய்மானம் 32,50,000க்குத்தான் கிடைக்கிறது. தொழில் வளர்ந்து வரி கட்டும் நிலைக்கு வரும்போது அந்த வித்தியாசம் வரியாகத் திரும்பி வரும். மாநிலம் தன் நிதியிலிருந்து எஸ்.சி., எஸ்.டி.க்கு என்று கொடுத்ததில் ஒன்றியம் தவணை முறையில் பங்கு எடுக்கிறது. அரசு உருவாக்கிய அறக்கட்டளைகளின் மூலநிதிக்கு ஒன்றிய அரசு தரும் மானியத்துக்கு அதே 2(24)ன் பதினெட்டாவது உட்பிரிவில் விலக்கு ஏற்கெனவே இருக்கிறது. எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோரின் மூலதன மானியத்துக்கு அங்கே இன்னொரு விலக்கு சேர்ப்பது முடியாத காரியம் அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, நம் பொருளாதார நலனைத் தனிக் கவனத்தோடு பேண வேண்டும் என்று அரசுக்குச் சொல்கிறது. அந்த அரசு ஒன்றியத்தையும் சேர்த்துத்தான்.

மாநிலம் கொடுத்தால் ஒன்றியம் எடுக்கலாமா என்பது நமக்குப் புதிய கேள்வி அல்ல. ஒன்றியத்துக்கும் மாகாணங்களுக்கும் இடையே வரிப் பணம் எப்படிப் பிரிந்தது என்பதை ஆராய்ந்து 1925ல் அண்ணல் அம்பேத்கர் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய நூல் அது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ரூபாயின் சிக்கல் பற்றி எழுதினார். நாம் அவருடைய படத்தைச் சுவரில் மாட்டினோம், சாதி ஒழிப்பைப் படித்தோம். கணக்குப் பார்த்த அம்பேத்கரையும் படிக்க வேண்டும். நிதி யாருக்குப் புரியவில்லையோ அவருக்கு எதிராக அது வேலை செய்யும் என்பதை நம் அனுபவமே சொல்கிறது.

இளம் தோழர்களுக்கு ஒரு வேலை. மாவட்டத்தின் கல்லூரிகளில் பி.காம். படிக்கும் நம் பிள்ளைகள் குறைவல்ல. ரிட்டர்ன் போடும் இணையதளம் இலவசம். மானிய ஆணை, மானியம் வரவு வைத்த வங்கிப் பக்கம், இயந்திரம் வாங்கிய பில், 26ஏஎஸ் படிவம் ஆகிய நான்கு காகிதங்களையும் ஒரு கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆடிட்டரிடம் போகும்போது உடன் போங்கள். "மானியத்தைச் சொத்து விலையில் கழித்தீர்களா?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். ரிட்டர்ன் போட்டபின் 30 நாட்களுக்குள் அதை ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்த்தாயிற்றா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் போட்டதே கணக்கில் வராது.

செப்டம்பர் 11ல் பரமக்குடியில் தியாகி இமானுவேல் சேகரன் நினைவிடத்துக்கு ஊர் ஊராகத் திரண்டு வரும் நமக்கு, ஊருக்கு ஒரு கணக்கு மேசை போடுவது பெரிய காரியம் அல்ல. ஜூலை மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். ஒரு மடிக்கணினி, கணக்குத் தெரிந்த இரண்டு பேர், கேட்கத் தயங்காத ஒருவர். மானியம் வாங்கும் வரை போராடிய நாம், அது நம் வீட்டிலேயே தங்கும் வரை கூட நிற்போம்.

ஜெய்பீம்.